ஆடி மாதத்தில் நிற்கும் இருமல்

நான் அதிகம் பேசுகிறவன் இல்லை. ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது. அதுவரையிலும் வாத்தியார் பெயர் கூப்பிட்டால் ‘உள்ளேன் ஐயா’ என்று சொல்வதற்குள் எனக்கு வேர்த்துக் கொட்டிவிடும். அப்படிப்பட்டவன் கையில் ட்ரம்பெட் வந்து சேர்ந்தது பெரிய பாக்கியம். ஊதும்போது பாதி முகம் மறைந்துவிடும். யாரும் பதில் எதிர்பார்க்க மாட்டார்கள். கல்யாண ஊர்வலத்தில் அத்தனை பேர் பார்த்தாலும் அவர்கள் பார்ப்பது பளபளக்கும் பித்தளையைத்தான்.

1993இல் திண்டிவனத்தில் ஒரு பேண்டு செட்டில் சேர்ந்தேன். சிவப்புக் கோட்டு, தோளில் மஞ்சள் குஞ்சம், என் தலைக்குக் கொஞ்சம் பெரிய தொப்பி. செட்டை நடத்தியவரை மாஸ்டர் என்போம், அவர் கிளாரினெட் வாசிப்பார். பேஸ் டிரம் அடிக்கிறவர் பிற்பாடு எனக்கு மச்சான் ஆனார். அவருடைய தங்கையைத்தான் கட்டிக்கொண்டேன். பெண் பார்க்கப் போன அன்று நான் வாயே திறக்கவில்லை. “மாப்பிள்ளை ஊமையா?” என்று பெண்ணின் பெரியம்மா கேட்டிருக்கிறார். “கையில கொழலக் குடுத்துப் பாரு பெரிம்மா, ஊரையே எழுப்பிடுவான்” என்றாராம் மச்சான்.

என் ட்ரம்பெட் எனக்கு முன்னால், மாஸ்டருக்குத் தொழில் சொல்லிக்கொடுத்த வாத்தியார் உட்பட, இரண்டு மூன்று பேர் ஊதியது. அதைக் கையில் கொடுக்கும்போது மாஸ்டர் ஒரு கட்டளை போட்டார். “வெளிய புளி போட்டு நல்லா வெளக்கு. உள்ள மட்டும் தண்ணி காட்டாத. ஊதி ஊதி உள்ள நாதம் படிஞ்சிருக்கு. கழுவினா போச்சு, வெறும் தகரம்தான்.” இது எங்கள் செட்டில் எல்லாரும் கடைப்பிடித்த வழக்கம். வெளியே முகம் பார்க்கலாம் போலத் தேய்ப்போம். உள்ளே யாரும் எட்டிப் பார்த்ததே இல்லை. குழாயில் எச்சில் சேர்ந்தால் அடியில் இருக்கும் சின்னத் திறப்பைத் திறந்து ஒரு ஊது ஊதிவிட்டுச் சொட்டவிடுவோம், அவ்வளவுதான். டீயும் போண்டாவும் சாப்பிட்ட வாயோடு எழுந்து ஊதுவோம்.

2012 வாக்கில் எனக்கு இருமல் பிடித்தது. பல்லவி முடிந்து சரணத்துக்கு மூச்சு இழுக்கும்போது நெஞ்சுக்குள் யாரோ ஈர மணலைக் கிளறுவது போலிருக்கும். சாயங்காலமானால் லேசாகக் காய்ச்சல் அடிக்கும். மயிலத்தில் ஒரு மாப்பிள்ளை அழைப்பு. பாட்டு உச்சத்துக்குப் போகிற இடத்தில் இருமல் வந்துவிட்டது. ட்ரம்பெட்டை வாயிலிருந்து எடுக்க நேரமில்லாமல் அதற்குள்ளேயே இருமிவிட்டேன். கன்றுக்குட்டி கத்துவது போல் ஒரு சத்தம் தெரு முழுக்கக் கேட்டது. காரில் உட்கார்ந்திருந்த மாப்பிள்ளை மாலையைப் பிடித்துக்கொண்டு எழுந்துவிட்டார். மச்சான் ஒரு நொடிகூடத் தாமதிக்கவில்லை. அந்தக் கத்தலுக்குச் சரியாக ‘டமால்’ என்று ஒரு அடி கொடுத்து அதையும் பாட்டோடு சேர்த்துவிட்டார். முன்னால் ஆடிக்கொண்டிருந்தவர்களுக்கு அது பிடித்துப்போய், “அண்ணே, அந்த மியூஜிக்க இன்னொரு வாட்டி போடுங்கண்ணே!” என்று கேட்டார்கள்.

சிரித்தோம்தான். ஆனால் இருமல் போகவில்லை. காசநோயாக இருக்குமோ என்று சளியைச் சோதித்தார்கள்; இல்லை. மாத்திரை கொடுத்தார்கள், சாப்பிடும்வரை நன்றாக இருக்கும், நிறுத்திய பிறகு இரண்டு கல்யாணம் ஊதினால் திரும்ப வந்துவிடும். எதிர்செட்டுக்காரன் கண் வைத்துவிட்டான் என்று மாஸ்டர் சொன்னார். பூசணிக்காய் சுற்றி உடைத்தோம். என் மனைவிதான் சும்மா இருக்கவில்லை. வருஷம் முழுக்கக் கவனித்துக்கொண்டே வந்து ஒரு உண்மையைக் கண்டுபிடித்தாள்: ஆடி மாதம் வந்தால் எனக்கு இருமல் நின்றுவிடுகிறது.

“பாத்தியா? மாரியாத்தா கூழு உள்ள போனதும் நின்னுச்சி. இது கூழோட வேலை.”

அன்றிலிருந்து எனக்கு வருஷம் பன்னிரண்டு மாதமும் ஆடிதான். விடிந்தால் கேப்பைக் கூழ். கல்யாண வீட்டில் செட்டு மொத்தமும் பிரியாணி சாப்பிட்டுக்கொண்டிருக்க, நான் மட்டும் ஓரமாகத் தூக்குவாளியைத் திறந்து கூழும் வெங்காயமும். “மாப்ள, அம்மனுக்கு ஊத்தறத விட உனுக்குத்தான் ஜாஸ்தி ஊத்தறா என் தங்கச்சி” என்பார் மச்சான். இருமல் கூழைப் பொருட்படுத்தவில்லை. மார்கழியில் மறுபடி தானாக நின்றது. “ஆடியில குடிச்சது இப்பத்தான் வேலை செய்யுது” என்றாள் மனைவி.

அடுத்த வருஷம் ஐப்பசி முகூர்த்தங்களில் பாதிப் பாட்டுக்கு மேல் என்னால் ஊத முடியவில்லை. ஒருநாள் மாஸ்டர் என் பக்கத்தில் வந்து உட்கார்ந்தார். கிளாரினெட்டின் ஊதும் முனையைத் திருகிக்கொண்டே சொன்னார்.

“வைகாசி வரைக்கும் பாக்கறேன்பா. ஆவணிக்குத் தேதி வாங்கறதுக்குள்ள சரியாவலன்னா, பாண்டில ஒருத்தன் நல்லா ஊதறான். அவனத்தான் வெச்சிக்கணும். செட்டு நடக்கணும் இல்ல?”

நான் தலையாட்டினேன். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் ட்ரம்பெட் இல்லாமல் நான் என்ன செய்வேன் என்று யோசித்தபோது எதுவுமே தோன்றவில்லை. எனக்கு இருந்த வாய் அது ஒன்றுதான்.

கார்த்திகையில் முண்டியம்பாக்கத்துப் பெரியாஸ்பத்திரிக்கு மனைவி என்னை இழுத்துக்கொண்டு போனாள். நெஞ்சு பார்க்கிற டாக்டரம்மா என்னைவிட வயதில் நிறையச் சிறியவர். கேள்வி என்னைக் கேட்டார், பதில் மனைவி சொன்னாள்.

“எப்பெல்லாம் இருமல் இல்லாம இருக்கு?”

“ஆடியில இல்ல மேடம். கூழு குடிச்சா நின்னுடும். அதனால வருசம் பூரா கூழுதான் குடுக்கறேன்.”

“வேற எப்ப?”

“மார்கழியில.”

“வருஷம் பூரா கூழ் குடிச்சா, மத்த மாசத்துல ஏன் நிக்கல?”

மனைவி வாயை மூடினாள். கல்யாணமான நாளிலிருந்து அதை நான் அதிகம் பார்த்ததில்லை.

“இவர் என்ன வேலை செய்யறாரு?”

“ஊதறாரு.”

“என்ன ஊதறாரு?”

“கல்யாணத்துல ட்ரம்பெட்டு மேடம்.”

டாக்டரம்மா எழுதுவதை நிறுத்தினார். “ஆடியில கல்யாணம் கிடையாது. மார்கழியிலயும் கிடையாது” என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு சிரித்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். “அடுத்த தடவை வரும்போது அந்த ட்ரம்பெட்டையும் கூட்டிக்கிட்டு வாங்க. அதுவரைக்கும் ஊத வேணாம். என் சந்தேகம் சரின்னா நீங்க பொழச்சீங்க. தப்புன்னா, நெஞ்சே இனிமே தாங்காதுன்னா, ஊதறதையே விட வேண்டியிருக்கும்.”

ட்ரம்பெட்டைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு பஸ்ஸில் போனேன். உடம்பு சரியில்லாத ஒன்றை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகிறோம் என்கிற நினைப்பு வந்ததும், ஜன்னல் காற்று படாமல் இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். டாக்டரம்மா பஞ்சு சுற்றிய குச்சி ஒன்றைக் குழாய்க்குள் விட்டு வழித்தெடுத்தார். வெள்ளையாகப் போன பஞ்சு நத்தை ஊர்ந்த தடம் போலப் பச்சையும் சாம்பலுமாக வந்தது. மனைவி முந்தானையால் மூக்கைப் பொத்தினாள். “இதையா இத்தினி வருசமா வாயில வெச்சிக்கினு இருந்த?”

சில நாள் கழித்து மறுபடி கூப்பிட்டார்கள். மாடியில் கிருமி பார்க்கிற அறை. மூடி போட்ட சின்னக் கண்ணாடித் தட்டில் என் ட்ரம்பெட்டிலிருந்து எடுத்தது வளர்ந்திருந்தது. என் சளியிலிருந்து எடுத்தது பக்கத்துத் தட்டில். இரண்டும் ஒரே மாதிரி.

“ரெண்டும் ஒரே கிருமி” என்றார் டாக்டரம்மா. “உங்க நெஞ்சுல இருக்கறத மாத்திரை கொன்னுடுது. ஆனா வீடு இங்க இருக்கு. நீங்க மூச்சு இழுக்கும்போதெல்லாம் அங்கிருந்து புதுசா உள்ள வருது.”

பிறகு அவர் சொன்னதை நான் மறக்கவே இல்லை. எனக்குப் புரிகிற மாதிரி நிதானமாகச் சொன்னார். ஒரு கிருமி தனியாக இருக்கும்போது வாலை ஆட்டிக்கொண்டு ஈரத்தில் நீந்தித் திரியும். குழாயின் சுவரில் பட்டால் லேசாக ஒட்டிப் பார்க்கும், பிடிக்காவிட்டால் போய்விடும். ஒவ்வொன்றும் எந்நேரமும் தன் உடம்பிலிருந்து துளியூண்டு ரசத்தைக் கசியவிட்டுக்கொண்டே இருக்கும். பக்கத்தில் யாரும் இல்லையென்றால் அந்த ரசம் கரைந்து போய்விடும். ஒரே இடத்தில் நிறைய கிருமிகள் சேர்ந்துவிட்டால் ரசம் கெட்டியாகும். அது திரும்ப அவற்றின் உள்ளேயே போய், ‘நம்ம ஆளுங்க போதுமான அளவு சேர்ந்தாச்சு’ என்று தெரிவிக்கும். அப்போதுதான் எல்லாம் ஒரே சமயத்தில் குணம் மாறும். வாலை ஆட்டுவதை விட்டுவிட்டுப் பசையைச் சுரக்க ஆரம்பிக்கும். பசையே கூரை, பசையே சுவர். அந்தப் படலத்துக்குள் மருந்து சுலபமாக நுழையாது; நுழைந்தாலும் அடியில் இருப்பவை பாதித் தூக்கத்தில் கிடப்பதால் சீக்கிரம் சாவதில்லை.

“விஷத்தையும் அப்பத்தான் எடுக்கும். தனியா இருக்கும்போது எடுத்தா உடம்பு கண்டுபுடிச்சுக் கொன்னுடும் இல்ல? அதனால கூட்டம் சேர்ற வரைக்கும் சாதுவா இருக்கும்.”

“சாப்பாடு தீந்துட்டா?” இதைக் கேட்டது நான்தான். மனைவி திரும்பி என்னைப் பார்த்தாள்.

டாக்டரம்மாவுக்கு உற்சாகமாகிவிட்டது. “நல்லா கேட்டீங்க. தீந்துட்டா, கட்டின பசையை அதுங்களே கொஞ்சம் அறுத்து விட்டுடும். வெளிய வந்தது திரும்ப வால் முளைச்சு நீந்திப் போயிடும், வேற இடம் தேடி. எல்லாக் கிருமியும் இப்படி இல்ல. காலராக் கிருமி நேர் மாறு. கொஞ்சமா இருக்கும்போது வீடு கட்டும், கூட்டம் ஜாஸ்தியானா கலைஞ்சு போயிடும்.”

கீழே இறங்கி வரும்போது எனக்குள் ஒரே சந்தோஷம். நோயைப் பற்றிக் கேட்டுவிட்டு யாராவது சந்தோஷப்படுவார்களா? ஆனால் அவர் சொன்னது அப்படியே எங்கள் செட்டுதான். முகூர்த்த நாளில் திண்டிவனம் பஸ் ஸ்டாண்டுப் பக்கம் டீக்கடையில் ஒவ்வொருவராக வந்து சேர்வோம். முதலில் வந்தவன் பெட்டியைத் திறக்கவே மாட்டான்; பேப்பர் பார்ப்பான், பீடி பிடிப்பான், யாரோ போல நிற்பான். இன்னும் சிலர் வருவார்கள். அப்போதும் ஒன்றும் நடக்காது. யாரும் தலையை எண்ணுவதில்லை. பேச்சுச் சத்தம் ஓர் அளவுக்கு மேல் ஏறியதும் எங்களுக்கே தெரிந்துவிடும். ஒரே நேரத்தில் கோட்டு மேலே ஏறும், பெட்டிகள் திறக்கும், சைடு டிரம் ஒரு உருட்டு உருட்டும். அதற்கப்புறம் நாங்கள் தனித்தனி ஆட்கள் இல்லை. பஸ்ஸுக்குக்கூட வழிவிடமாட்டோம். விருந்து முடிந்ததும் கோட்டைக் கழற்றி ஆளுக்கொரு பஸ்ஸில் கலைந்துவிடுவோம்.

மச்சானிடம் இதைச் சொன்னேன். அவர் யோசித்தார். “அப்போ உன் கொழாய்க்குள்ள ஒரு செட்டு ஓடிக்கினு இருந்திருக்குது. அவுங்களுக்கு மாஸ்டர் யாருடா?”

“மாஸ்டரே இல்லையாம் மச்சான்.”

“இத மட்டும் நம்ப மாஸ்டர்கிட்ட சொல்லிடாத.”

நெஞ்சுக்கு மாத்திரை கொடுத்தார்கள். ட்ரம்பெட்டுக்கு டாக்டரம்மா சொன்ன வைத்தியம் வேறு: “மருந்து ஊத்தினா மேலயே ஓடிடும். பிரிச்சு, சோப்பு போட்டுத் தேய்க்கணும். வீட்டை இடிக்கணும். அப்புறம் நல்லாக் காய வைக்கணும். ஈரம் இருந்தா திரும்பக் கட்டிடும்.”

மார்கழியில் வேலை இல்லாத ஒரு காலை நேரம். கூட்டேரிப்பட்டுக்கு உள்ளே தள்ளி மச்சானுக்குத் தெரிந்தவர் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்டிருந்த கொல்லையில் மோட்டார் ஓடித் தண்ணீர் தொட்டியில் கொட்டிக்கொண்டிருந்தது. அங்கே கூடினோம். மாஸ்டர் மட்டும் தொட்டிக்கு எட்டத்தில் முகத்தைத் திருப்பிக்கொண்டு நின்றார்.

“கழுவுங்கடா. எங்க வாத்தியார் ஊதின நாதம் உள்ள இருக்குது. எல்லாத்தையும் வாய்க்கால்ல விட்டுடுங்க.”

குழாய்கள் ஒன்றோடொன்று இறுகிப் போயிருந்தன. நான் ஒரு பக்கம், மச்சான் ஒரு பக்கம் துணி சுற்றிப் பிடித்து இழுத்தோம். சட்டென்று கழன்றதில் இருவரும் பின்பக்கமாகச் சேற்றில் உட்கார்ந்தோம். பால் புட்டி கழுவும் பிரஷ்ஷை மனைவி வாங்கி வந்திருந்தாள். வெந்நீரும் சோப்பும் விட்டு முதல் தேய் தேய்த்தேன். கொழகொழவென்று ஒரு நீளத் துண்டு, ஈரல் கலரில், வழுக்கிக்கொண்டு வந்து தொட்டி மேட்டில் விழுந்தது. நாற்றம் எல்லாரையும் ஓரடி பின்னால் தள்ளியது.

மச்சான் குனிந்து பார்த்தார். “மாஸ்டர், ஜல்தி வாங்க. உங்க வாத்தியாரு நாதம் வெளிய வந்துடுச்சி. எட்த்துக்கினு போய் பூஜ ரூம்புல வெச்சிக்கங்க.”

மாஸ்டர் வந்தார். பார்த்தார். அவர் முகம் போன போக்கை எப்படிச் சொல்வது? கொஞ்ச நேரம் அடக்கிப் பார்த்தார், முடியவில்லை. வயிற்றைப் பிடித்துக்கொண்டு வரப்பிலேயே உட்கார்ந்துவிட்டார். “அடப்பாவிங்களா, இதையா கும்புட்டுக்கினு இருந்தேன்!” சிரித்து முடித்ததும் தன் கிளாரினெட்டை எடுத்து மூக்கருகில் கொண்டுபோனார், அப்படியே கழற்ற ஆரம்பித்துவிட்டார். அதற்கப்புறம் யாரும் சொல்லவேண்டியிருக்கவில்லை. இருந்த ஊதுகுழல்கள் எல்லாம் தொட்டிக்கு வந்தன. யூபோனியம் என்கிற பெரிய ஊதுகுழலின் வளைவிலிருந்து ஒரு கரப்பான்பூச்சியும், தோலோடு ஒரு மல்லாட்டையும் விழுந்தன. அது யார் போட்ட மல்லாட்டை என்று பெரிய சண்டை. வைக்கோல் மேல் வரிசையாகக் காயப்போட்டதைப் பார்த்துவிட்டு, ரோட்டில் போன ஒருவர் சைக்கிளை நிறுத்தி, “இன்னாங்க, பாத்திரக் கடையா?” என்று கேட்டார்.

காய்ந்த பிறகு பூட்டி ஊதிப் பார்த்தோம். என் ட்ரம்பெட்டின் சத்தம் மாறித்தான் போயிருந்தது. மாஸ்டர் சொன்னதில் அது மட்டும் உண்மை. அந்தப் பழைய மூடின குரல் இல்லை. அதிகாலையில் தெருக் குழாயில் முதல் தண்ணீர் வருகிற மாதிரி பளிச்சென்று வந்தது. மாஸ்டர் கண்ணை மூடிக் கேட்டார். “எங்க வாத்தியார் ஊதினப்போ இப்படித்தான் இருந்திச்சி. நாந்தான் மறந்துட்டேன்” என்றார்.

தை பிறந்தது. ஒவ்வொரு கல்யாணத்துக்குப் பிறகும் கழுவினேன், துடைத்தேன், வெயிலில் வைத்தேன். டீ குடித்தால் வாய் கொப்பளித்துவிட்டுத்தான் ஊதினேன். மாசி மகத்துக்கு மரக்காணம் பக்கம் போனோம். கடலோரக் குப்பத்துக்காரர்கள் மணலில் வெகுதூரம் நடக்கவைத்து ஊதச் சொன்னார்கள். பங்குனி, சித்திரை. ராத்திரி படுக்கும்போது இருமல் வருகிறதா என்று மனைவி கேட்டுக்கொண்டே இருப்பாள். வரவில்லை. ஆனாலும் எனக்குப் பயம் விடவில்லை. மூச்சை முழுசாக இழுக்கத் தயங்கினேன். இழுத்தால் அந்த ஈர மணல் அங்கே இருந்துவிடுமோ என்று பாதி மூச்சிலேயே ஊதினேன். மாஸ்டருக்கு அது தெரிந்தது. பாண்டிக்காரனுக்கு வேண்டாம் என்று அவர் இன்னும் சொல்லி அனுப்பவில்லை.

வைகாசியில் கடைசிப் பரிசோதனை. படம் எடுத்தார்கள், சளி எடுக்கச் சொன்னார்கள். எடுக்கச் சளியே வரவில்லை. டாக்டரம்மா படத்தை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். பிறகு, “ட்ரம்பெட் கொண்டாந்தீங்களா? வராண்டாவுக்கு வாங்க. ஊதுங்க, நான் கேக்கறேன்” என்றார்.

வராண்டா பெஞ்சுகளில் நோயாளிகள் நிறைந்திருந்தார்கள். என் காது சூடானது. “ஊதுய்யா, இன்னா வெக்கம்? கல்யாணத்துல ஊதலியா?” என்று மனைவி முதுகில் ஒரு தட்டு தட்டினாள். டாக்டரம்மா என் பின்னால் வந்து நின்று முதுகில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்தார். “முழு மூச்சு இழுங்க. பாதி வேணாம்.”

அவருக்கும் எப்படித் தெரிந்தது?

இழுத்தேன். அடிவயிறு வரைக்கும் காற்று போனது. எதுவும் கிளறவில்லை. ஊதினேன். டாக்டரம்மா துள்ளிப் போய்க் காதிலிருந்து ஸ்டெதாஸ்கோப்பைப் பிடுங்கிக்கொண்டார். நர்சுகள் எட்டிப் பார்த்தார்கள். நான் நிறுத்தவில்லை, நிறுத்த முடியவில்லை. ஒரே சுரத்தைப் பிடித்துக்கொண்டு, அந்த மூச்சு எவ்வளவு தூரம் போகும் என்று பார்த்துக்கொண்டே நின்றேன். அது போய்க்கொண்டே இருந்தது.

“போதும், போதும்!” டாக்டரம்மா சிரித்துக்கொண்டே காதைத் தேய்த்தார். “உள்ள சுத்தமா இருக்கு. யாரு கேட்டாலும் ஊதலாம்னு நான் சொன்னேன்னு சொல்லுங்க.”

மனைவி முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு பெஞ்சில் இருந்தவர்களிடம் என் கதையை ஆரம்பித்துவிட்டாள். அங்கே உட்கார்ந்திருந்த ஒருவர், பனமலைப் பக்கத்துக்காரராம், என்னிடம் வந்தார்.

“நம்ப பொண்ணுக்கு ஆவணில வெச்சிருக்கோம்ங்க. உங்க செட்டு கெடைக்குமா?”

இப்படி யாராவது கேட்டால் நான் மச்சானைத்தான் காட்டுவேன். மச்சான் அன்றைக்கு வரவில்லை. மனைவி பேச்சில் இருந்தாள்.

“கெடைக்கும்ங்க” என்றேன். “நானே வந்து ஊதறேன்.”